பேச்சித்தாயின் முகம்

பிப்ரவரி 11, 1963. திங்கள். தூத்துக்குடி

மதராஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது. புகைப்படக் கலைச் சங்கத்தின் செயலாளர் கைப்பட எழுதியிருக்கிறார். மே ஆறாம் தேதி தொடங்கி ஏழு நாள், சங்கத்தின் கூடம் முழுவதும் எனக்கு. இருபத்துநான்கு படங்கள். ஒரு பெண் எடுத்த படங்களை மட்டும் இந்தக் கூடத்தில் மாட்டுவது இதுதான் முதல் தடவை என்று கடைசியில் ஒரு வரி. அதை மூன்று தடவை படித்தேன். இவர் நான்கு தடவை படித்தார்.

"இனிமே உன்னை யாரும் ஸ்டூடியோக்காரர் சம்சாரம்னு சொல்ல முடியாது, எமிலி. என்னைத்தான் எமிலி வீட்டுக்காரர்னு சொல்லுவாக."

சவரிராயன் இப்படிச் சொல்லிச் சிரிக்கிற மனிதராக இருப்பதால்தான் நான் காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போக முடிகிறது. கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் அவர் எடுக்கிறார். கழுவி அச்சடிப்பது நான். ஐந்து வருஷமாக இதுதான் ஏற்பாடு.

எல்லாம் அந்த ஒரு படத்தால் வந்தது. போன மாதம் வாரப் பத்திரிகையில் முழுப்பக்கம் போட்டார்களே, பாத்தித் தண்ணீரில் நிற்கும் இரண்டு பாதங்கள். வெடிப்பு ஒவ்வொன்றிலும் உப்பு இறங்கி வெள்ளைக் கோடாய்த் தெரியும். இடது காலில் சுண்டுவிரல் இல்லை. 'உழைப்பு' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். அதைக் கூடத்தின் நடுச்சுவரில் மாட்டப் போவதாகச் செயலாளர் எழுதியிருக்கிறார்.

மீன் வாங்க மறந்துவிட்டேன். பருப்புத் துவையலோடு சாப்பாடு முடிந்தது.

பிப்ரவரி 14, வியாழன்

ஆத்திமுத்து முதலாளியின் அளத்துக்கு ஏழு மணிக்கே போய்விட்டேன். சாய்ந்த வெயிலில் பாத்திகள் கண்ணாடி மாதிரி கிடந்தன. என் கேமராவை இடுப்பில் வைத்து, குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். அதனால் அளத்துப் பெண்கள் என்னை 'ஜெபம் பண்ணுத அம்மா' என்பார்கள்.

மதராஸுக்கு இன்னும் மூன்று படம் வேண்டும். இன்று இரண்டு தேறும். உப்பு வாரும் பலகையைப் பிடித்த ஒரு கை. பெட்டி சுமக்கும் ஒரு கழுத்து.

முகம் எடுப்பதில்லை என்பது நானே வைத்துக்கொண்ட விதி. ஸ்டூடியோவில் தினமும் பார்க்கிறேன், கேமராவைக் கண்டதும் முகம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. கைக்கும் காலுக்கும் அந்தத் தந்திரம் தெரியாது. ஐந்து வருஷத்தில் அளத்தில் ஒரு முகம்கூட எடுத்ததில்லை. சங்கத்தார் பாராட்டுவதும் இதைத்தான்.

கிளம்பும்போது அந்தச் சுண்டுவிரல் இல்லாத பெண் பக்கத்தில் வந்து ஏதோ கேட்டாள். ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தேன், காதில் சரியாக விழவில்லை.

பிப்ரவரி 15, வெள்ளி

நல்ல தண்ணீர் வண்டி வரவில்லை. இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் படம் காய்ந்ததும் உப்புப் பூத்துவிடும். ஒரு வேலையும் ஓடவில்லை.

பிப்ரவரி 20, புதன்

கங்காணி அளத்து வாசலிலேயே மறித்துவிட்டார்.

"உள்ள விட வேண்டாம்னு முதலாளி சொல்லிட்டாகம்மா."

"ஏன்? என்ன ஆச்சு?"

"பத்திரிகையில வந்த காலு எந்த அளத்துக் காலுன்னு லேபர் ஆபீசர் விசாரிச்சு வந்துட்டாரு. குடிதண்ணி வச்சிருக்கீயளா, காலுக்குச் செருப்பு குடுத்தியளான்னு ஒரே கேள்வி. முதலாளிக்குக் கோவம். யாரு காலு இதுன்னு கேட்டாக. சுண்டுவிரல் இல்லாதவ இங்க ஒருத்திதானே. நேத்தோட வேலையை விட்டு நிறுத்தியாச்சு."

திரும்பி வந்துவிட்டேன். முகம் காட்டவில்லை, பேர் போடவில்லை, ஊர்கூடப் போடவில்லை. ஒரு கலைஞர் இதற்கு மேல் என்ன ஜாக்கிரதை எடுக்க முடியும்?

பிப்ரவரி 23, சனி

நாள் முழுக்க அச்சு வேலை. கழுத்துப் படம் நன்றாக வந்திருக்கிறது. பாதங்களின் படத்தைப் பெரிதாக்கத் தொடங்கினேன், மூன்று தாள் வீண். முதலில் கறுத்துவிட்டது, பிறகு வெளுத்துவிட்டது. மருந்து பழசு போலிருக்கிறது.

"மருந்து முந்தாநாள்தானே கலந்த?" என்றார் இவர். நான்காவது தாளை எடுத்தேன்.

மார்ச் 2, சனி

நூல் வாங்க முத்தையாபுரம் வரை போய் வந்தேன். பஸ்ஸில் கூட்டம். நூல் கிடைக்கவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

பூசை முடிந்ததும் மறுபடி முத்தையாபுரம். அளத்துப் பெண்களில் பாதிப் பேர் அந்த ஊர்தான். நேற்றும் அந்தப் பெண்ணைத் தேடித்தான் போனேன் என்று எழுதிவிடுகிறேன். போய், பஸ் நின்ற இடத்திலேயே கால்மணி நேரம் நின்று, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

இன்று டீக்கடையில் கேட்டேன். சுண்டுவிரல் இல்லாத பெண், அளத்தில் வேலை பார்த்தவள் என்று சொல்ல வேண்டியிருந்தது. "பேச்சித்தாயா?" என்றார் கடைக்காரர். பேர் கேட்டு வைத்துக்கொள்ளாதது என் தவறு என்று சொல்ல முடியாது. வேலை நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் கங்காணிக்குப் பிடிக்காது.

வீட்டு வாசலில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். முப்பத்தெட்டு, நாற்பது வயசு இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து முறத்தைக் கவிழ்த்து உட்காரச் சொன்னாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்துப் போயிருந்தேன். பையிலிருந்து பாதங்களின் படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"இத கேக்கத்தான் அன்னைக்கு உங்ககிட்ட வந்தேன். எம் படம் பொஸ்தகத்துல வந்திருக்காமே, ஒண்ணு குடுப்பீயளான்னு. நீங்க வேலையா இருந்திய."

படத்தை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"எங் காலுதான். பலகை பட்டுப் புண்ணாகி, உப்புத்தண்ணியில ஆறவே இல்ல. ஆஸ்பத்திரியில விரல எடுத்துட்டாக." படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. "கால மட்டும் கூட்டிட்டுப் போயிட்டியளாக்கும்."

விளக்கினேன். முகத்தைவிடக் கால் அதிகம் பேசும், உன் வாழ்க்கை முழுவதையும் இந்தக் கால் சொல்லிவிடுகிறது, மதராஸில் பெரிய பெரிய ஆட்கள் இதைப் பார்த்து வாயடைத்துப் போகிறார்கள் என்றெல்லாம்.

"காலு பேசுதுங்கிய. எனக்கு வாய் இருக்கேம்மா."

கேலியாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வதுபோலச் சொன்னாள். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். இன்று வேறு எதையும் எழுத முடியவில்லை.

மார்ச் 6, புதன்

ஆத்திமுத்து முதலாளியை ஆபீசில் போய்ப் பார்த்தேன். அவர் மூத்த மகள் கல்யாணத்துக்கு நாங்கள்தான் படம் எடுத்தோம். மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார், குடிக்கக் கலர் வரவழைத்தார்.

"தங்கச்சி, வெளிநாட்டுக்காரங்க வந்து எங்க அளத்தைப் படம் எடுத்துட்டுப் போயிருக்காங்க. வெள்ளை வெளேர்னு மலைமலையா அம்பாரம், மேல நீல வானம். பார்த்தா கண்ணு குளிரும். நீ ஏம்மா வெடிப்பா தேடி எடுக்கே?"

"பேச்சித்தாயைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கிடுங்கண்ணாச்சி. அவ ஒண்ணும் பண்ணலை. எடுத்தது நான்."

யோசித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தன் சௌகரியத்தைக் கெடுக்காத வரை நல்லவர்.

"சரி. மதராஸ்ல நீ படம் மாட்டப் போறதா சவரி சொன்னாரு. எங்க அளத்துப் படம் ஒண்ணும் அங்க வரக்கூடாது. வேற எதையாவது மாட்டு. கடல் இருக்கு, கோயில் இருக்கு. அவ மறுநாளே வேலைக்கு வரட்டும். உனக்கும் வாசல் திறந்திருக்கும்."

மார்ச் 7, வியாழன்

முடிவெடுத்துவிட்டேன். மதராஸ் வேண்டாம். அளத்துப் படம் இல்லாமல் எனக்கு இருபத்துநான்கு படம் கிடையாது, நான்குகூடக் கிடையாது. ஐந்து வருஷ உழைப்பு போகட்டும். ஒரு பெண்ணின் பிழைப்பைவிட அது பெரிசில்லை. தவக்காலத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுக்கிறேன். முதலாளிக்கு ஆள் அனுப்பிச் சொல்லியாயிற்று. மனசு லேசாக இருந்தது.

இவரிடம் சொன்னேன். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அந்தம்மாகிட்ட கேட்டியா?" என்றார்.

"இதில கேக்க என்ன இருக்கு? அவளுக்கு வேலை கிடைக்குது."

"கேட்டியான்னேன்" என்றார் மறுபடி, காற்றடித்துக்கொண்டே.

மார்ச் 8, வெள்ளி

போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அங்க திரும்பிப் போறேன்னு யாரும்மா சொன்னா?"

முள்ளக்காட்டில் பாக்கியத்தம்மாள் என்று ஒருவர் சின்ன அளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறாராம். திங்கட்கிழமையிலிருந்தே அங்கே வேலைக்குப் போகிறாளாம். தூரம் அதிகம், ஆனால் குடிக்கப் பானையில் தண்ணீர் வைக்கிறார்களாம்.

"கேக்காம எடுத்திய. இப்பக் கேக்காம குடுத்துட்டும் வந்திட்டிய. ரெண்டு தடவையும் எனக்குத்தான் கடைசியில தெரியுது."

மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. "அப்போ நான் என்ன செய்யணும்? சொல்லு" என்று கேட்டேன். யாரிடமும் இப்படிக் கேட்டுப் பழக்கமில்லாததால் சண்டைக்கு இழுப்பதுபோல வந்துவிட்டது.

அவள் ஓலையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"அந்தக் கால் படத்த மாட்டுங்க. மறைக்க என்ன இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. ஆனா பக்கத்துல என்னைய ஒண்ணு எடுத்து மாட்டணும். முழுசா. நாற்காலியில உக்காந்து. நல்ல சேலை எங்கிட்ட ஒண்ணு இருக்கு. கீழ எம் பேரு."

"ஸ்டூடியோவுக்கு வாரியா?"

"ஸ்டூடியோ எதுக்கு? நான் வேலை பாக்கது அளத்துலதானே."

வரும் வழியில் முதலாளியின் ஆபீசில் இறங்கி, ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தத் தடவை கலர் வரவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

காலையில் ஸ்டூடியோ நாற்காலியை சைக்கிள் கேரியரில் கட்டி இவர் மிதித்தார். நான் பஸ்ஸில். படம் எடுக்க பாக்கியத்தம்மாளிடம் பேச்சித்தாயே கேட்டு வைத்திருந்தாள்.

வேலை விட்டபோது மணி பதினொன்றே கால். அதற்குள் சேலை மாற்றி, தலை சீவி வந்துவிட்டாள். வாடாமல்லி நிறச் சேலை. வானத்தைப் பார்த்தேன். உச்சி வெயில். இந்த வெயிலில் கண் இரண்டும் குழியாகத் தெரியும், மூக்குக்குக் கீழே கறுப்பாய் நிழல் விழும். ஸ்டூடியோவில் வேலை பழக வருகிற ஆள்கூட இந்த நேரத்தில் முகம் எடுக்க மாட்டான்.

"சாயந்தரம் அஞ்சரைக்கு வாரேன். அப்பத்தான் வெளிச்சம் நல்லா இருக்கும்."

"அஞ்சரைக்கு வீட்டுல உலை வைப்பேன். காலையில வந்தா தலையில பெட்டி இருக்கும். நான் உக்காரது இந்நேரம்தாம்மா."

வாக்குவாதத்துக்கு இடமில்லை. அம்பாரத்துக்குப் பக்கத்தில் உப்புத் தரையில் நாற்காலியைப் போட்டோம். கால் நான்கும் லேசாக உப்புக்குள் இறங்கின. உட்கார்ந்தாள். முதுகு நிமிர்ந்து, இரண்டு கையும் நாற்காலிக் கையில். நான் கேமராவை இடுப்பில் வைத்துக் குனிந்தேன்.

கண்ணில் நிழல் இல்லை.

கேமராவை நகர்த்திப் பார்த்தேன். மூடியைத் திறந்து மூடினேன். இல்லை, நிஜம்தான். தரையிலிருந்து உப்பு வெளிச்சத்தைத் திருப்பி மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. தாடைக்குக் கீழே, இமைக்குக் கீழே, எங்கெல்லாம் இருட்டு விழ வேண்டுமோ அங்கெல்லாம் வெள்ளையாய் ஒரு வெளிச்சம். இப்படி ஒரு ஒளி எந்த ஸ்டூடியோவிலும் நான் பார்த்ததில்லை. ஐந்து வருஷம் இதே உப்பின் மேல் நின்றிருக்கிறேன். ஒரு முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"சிரிக்கணுமா?" என்றாள்.

"உன்... உங்க இஷ்டம்."

சிரிக்கவில்லை. நேராகப் பார்த்தாள். தன்னைத் திருத்திக்கொள்ளவும் இல்லை. பன்னிரண்டு தடவை அழுத்தினேன். ரோல் முடிந்தது.

முடிந்ததும் மற்ற பெண்கள் வந்து நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். எங்களையும் எடுப்பீங்களா என்றார்கள். ஃபிலிம் இல்லை. ரோல் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிறது. எடுப்பேன், கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

மார்ச் 21, வியாழன்

ரோலைக் கழுவிப் பார்த்தேன். பன்னிரண்டாவதுதான் படம். மற்றதெல்லாம் அதற்கு ஒத்திகை.

ஏப்ரல் 3, புதன்

செயலாளர் கடிதம். நாற்காலிப் படத்தின் பிரதியை அனுப்பியிருந்தேன். 'தங்கள் தொகுப்பின் ஒருமையை இந்தப் படம் குலைக்கிறது. இது ஸ்டூடியோப் படம், நம்முடைய கூடத்துக்கு ஏற்ற கலைப்படம் அல்ல. முகமற்ற உருவங்களே தங்கள் தனித்தன்மை. தயவுசெய்து இதை விலக்கிவிடவும்.'

முதல் தடவை படித்தபோது அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. போன வருஷம் நானே இதை எழுதியிருப்பேன். அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது.

ஏப்ரல் 4, வியாழன்

பதில் போட்டுவிட்டேன். அந்தப் படம் இருந்தால் இருபத்துநான்கும் வரும். இல்லையென்றால் ஒன்றும் வராது. தபால்பெட்டிக்குள் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஈஸ்டர் முடிந்தது. மதராஸிலிருந்து ஒரு வரி இல்லை. ஆத்திமுத்து முதலாளி வீட்டு இளைய மகள் கல்யாணப் படம் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டது. "போகட்டும், அந்தப் பொண்ணு எடுக்கும்போதெல்லாம் கண்ண மூடும்" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்து, பிறகு அழுகை வந்தது. அவர் பார்க்காத மாதிரி டிரேக்களைக் கழுவினார்.

ஏப்ரல் 22, திங்கள்

தந்தி. 'இருபத்துநான்கும் அனுப்பவும்.' அவ்வளவுதான்.

மே 6, திங்கள். மதராஸ்

பாதங்கள் நடுச்சுவரில். பேச்சித்தாயின் படத்தை வாசல் பக்கத்து மூலையில், தூணுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஏணி கேட்டேன். ஆள் இல்லை என்றார்கள். நானே ஏறி, நடுச்சுவரில் பாதங்களை ஒரு முழம் தள்ளி மாட்டி, பக்கத்தில் அவளை மாட்டினேன். கீழே சீட்டு: 'பேச்சித்தாய், முள்ளக்காடு'. செயலாளர் வந்து பார்த்தார். ஏணியில் நிற்கும் பெண்ணிடம் வாதம் செய்ய அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும், போய்விட்டார்.

மே 9, வியாழன்

பத்திரிகையில் சின்னதாய் ஒரு குறிப்பு. பாதங்களைப் பற்றிப் பாராட்டு. நாற்காலிப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதங்களைப் பார்ப்பவர்கள் தலையசைத்துவிட்டு நகர்கிறார்கள். அவளைப் பார்ப்பவர்கள் நின்று, சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிறார்கள்.

மே 12, ஞாயிறு

கடைசி நாள். இவர் பேச்சித்தாயை ரயிலில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதே வாடாமல்லிச் சேலை. தன் படத்துக்கு முன்னால் அதிகம் நிற்கவில்லை. "நல்லா இருக்கேன்" என்றாள். பிறகு மற்றப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.

"இது சொர்ணம் கையி. இது லெச்சுமி, இந்தக் கழுத்துத் தழும்பு அவளுக்குத்தான். இது ஆவுடையம்மா முதுகு."

முகமே இல்லாத படங்களில் ஒவ்வொருவராக அடையாளம் சொல்லிக்கொண்டே போனாள். பென்சிலை எடுத்து, கையின் கீழே இருந்த சீட்டில் 'சொர்ணம்' என்று எழுதப் போனேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"என்ன செய்யுதிய? அவ இன்னும் அந்த அளத்துலதானே வேலை பாக்கா!"

பென்சிலைப் பையில் போட்டேன். கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

"அவகிட்ட போயிக் கேளுங்க. வேணும்னாலும் வேண்டாம்னாலும் அவதான் சொல்லணும்" என்றாள் பிறகு, மெதுவாக.

மே 15, புதன். தூத்துக்குடி

பதினொரு மணிக்கு ஆத்திமுத்து முதலாளி அளத்துக்கு வெளியே ரோட்டோரம் உடைமரத்தடியில் நின்றேன். வாசலுக்குள் போகவில்லை. வேலை விட்டுப் பெண்கள் வந்தார்கள். சொர்ணத்தைத் தனியே அழைத்து, மரத்துக்குப் பின்னால் போய் படத்தைக் காட்டினேன். மதராஸில் ஏழு நாள் சுவரில் இருந்தது, அதைக் கேட்காமல் செய்துவிட்டேன், இனிமேல் வைக்கலாமா, பேர் போடலாமா என்று கேட்டேன்.

தன் உள்ளங்கையை விரித்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"பேரும் வேண்டாம், படமும் வேண்டாம்மா. மவளுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். எடுத்துருங்க."

"சரி" என்றேன்.

பையிலிருந்து நெகட்டிவை எடுத்து, படத்தோடு சேர்த்து அவளிடம் கொடுத்தேன். இது இல்லாமல் இனி யாரும் அந்தப் படத்தை அச்சடிக்க முடியாது என்று சொன்னேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதில் அவள் கை கறுப்பாக இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. மடிக்காமல் சோற்றுப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

கல்கத்தாவில் ஒரு பெரிய கண்காட்சிக்கு அந்தக் கைப் படத்தைத்தான் கேட்டு எழுதியிருக்கிறார் செயலாளர். அப்படி ஒரு படம் இனி என்னிடம் இல்லை என்று பதில் எழுதிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நாளைக்கு லெச்சுமி.